ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து நெஞ்சுவலியை ஏன் கிளப்புகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை நோயும் உண்டு. வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது. மூட்டுவலி இருப்பதால் டிரெட்மில்லில் ஏற்ற முடியாது என்று, ஊசி போட்டு இதய ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். "இந்த ஊசி இதய ரத்தக்குழாய்களை விரிக்கும்" என்று சொல்லித்தான் போட்டார்கள். போட்ட சில நிமிடங்களில் நடக்கும்போது வருகிற அதே இறுக்கம் வந்துவிட்டது. வீட்டில் நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட்டும் ரத்தக்குழாயை விரிக்கிற மருந்துதானே? ஒன்று வலியை நிறுத்துகிறது, இன்னொன்று வரவழைக்கிறது. இது எப்படி?

இரண்டும் விரிப்பது வெவ்வேறு குழாய்களை. அதுதான் பதில். இதயத்துக்குப் போகிற மொத்த ரத்தம் கூடுவது வேறு, ரத்தமில்லாமல் தவிக்கிற தசைக்கு அது போய்ச் சேருவது வேறு. சில மருந்துகள் மொத்த ஓட்டத்தை மூன்று நான்கு மடங்கு கூட்டிவிட்டு, தவிக்கிற தசையை முன்பைவிட மோசமாக விட்டுவிடும். வேறு சில மருந்துகள் மொத்த ஓட்டத்தைப் பெரிதாக மாற்றாமலே வலியை நிறுத்திவிடும். மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இதயத்தின் ஒரு தனிக்குணம். ஓய்வில் இருக்கும்போது நம் கால் தசையோ சிறுநீரகமோ தன்னைக் கடந்துபோகும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி அப்படியே திரும்பும். தேவை கூடினால் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. இதயத் தசை அப்படியில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருகிற ஆக்சிஜனில் 70 முதல் 75 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. ஆகவே தேவை கூடும்போது அதற்கு ஒரே வழிதான்: கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் ரத்தம் இதயத் தசைக்குப் போகிறது. கடுமையாக உழைக்கும்போது இது நான்கு மடங்கு வரை கூட வேண்டும், ஆரோக்கியமான இதயத்தில் கூடவும் செய்கிறது.

இந்தக் கூடுதலை யார் தீர்மானிக்கிறார்கள்? ஆஞ்சியோகிராம் படத்தில் நாம் பார்க்கிற பெரிய தமனிகள் இல்லை. அவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடுபவை, 2 முதல் 4 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. ஆரோக்கியமாக இருந்தால் அவற்றில் தடையே கிடையாது என்று சொல்லலாம். பெருந்தமனியில் உள்ள அழுத்தம் அவற்றின் கடைசி முனைவரை ஏறக்குறைய குறையாமல் வந்து சேரும். உண்மையான கட்டுப்பாடு தசைக்குள் புகுந்த பிறகு வருகிற நுண்தமனிகளிடம் இருக்கிறது. படத்தில் அவை தெரியவே தெரியாது. தசை சோர்ந்தால் அடினோசின் உள்ளிட்ட சில வேதிப்பொருள்கள் அதிலிருந்து கசியும், நுண்தமனிகள் திறக்கும், ஓட்டம் கூடும். அழுத்தம் குறைந்தாலும் இதேபோல் திறந்து ஓட்டத்தைச் சமன் செய்துவிடும்.

இப்போது மேலே பெரிய தமனியில் ஓர் அடைப்பு வருகிறது. அடைப்பைத் தாண்டியதும் அழுத்தம் குறைகிறது. கீழே உள்ள நுண்தமனிகள் உடனே கொஞ்சம் திறந்துகொள்கின்றன, ஓட்டம் பழையபடி வந்துவிடுகிறது. அடைப்பு கூடக்கூட இவையும் கூடக்கூடத் திறக்கின்றன. அதனால்தான் பல பேருக்கு 60, 70 சதவீத அடைப்பு இருந்தும் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமே தெரிவதில்லை. 1974-ல் லான்ஸ் கோல்ட் நாய்களில் செய்த சோதனைகள் இதை அழகாகக் காட்டின. குழாயின் விட்டத்தில் 85 சதவீதம் வரை சுருக்கினாலும் ஓய்வுநிலை ஓட்டம் குறையவில்லை. ஆனால் அதிகபட்சமாக எவ்வளவு ஓட்டம் கூட முடியும் என்று பார்த்தால், 30 முதல் 45 சதவீதச் சுருக்கத்திலேயே அது இறங்க ஆரம்பித்துவிட்டது. மாரடைப்பு வராத நாள்களிலும் ஆபத்து ஒளிந்திருப்பது இந்த இடைவெளியில்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. கடுமையான அடைப்புக்குக் கீழே உள்ள நுண்தமனிகள் ஏற்கெனவே முழுக்கத் திறந்துவிட்டன. அவற்றை விரிக்க இனி எந்த மருந்துக்கும் வேலையில்லை. நல்ல குழாய்க்குக் கீழே உள்ள நுண்தமனிகள் மட்டும்தான் இன்னும் பாதி மூடிய நிலையில் இருக்கின்றன. நுண்தமனிகளை விரிக்கிற ஒரு மருந்தைக் கொடுத்தால் யாருக்கு லாபம்? தேவையே இல்லாத பகுதிக்கு.

லாபம் அங்கே போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. நட்டம் இங்கே வருவதுதான் சிக்கல். நெடுநாளாக அடைப்பு இருக்கிற இதயத்தில் பக்கத்துத் தமனியிலிருந்து சின்னச் சின்ன இணைப்புக் குழாய்கள் வளர்ந்திருக்கும். உதாரணத்துக்கு, இடது முன் தமனி முழுக்க அடைத்துவிட்டது, அதன் பகுதி வலது தமனியிலிருந்து வரும் இணைப்புகளால் பிழைத்துக்கொண்டிருக்கிறது, அந்த வலது தமனியிலும் நடுத்தரமான ஓர் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு முன் இணைப்பு கிளம்புகிற இடத்தில் அழுத்தம் 80 என்போம். மருந்து வலது தமனியின் சொந்த நுண்தமனிகளைத் திறந்துவிடுகிறது. அந்த வழியே ரத்தம் பாய்கிறது, நடுத்தர அடைப்பில் அழுத்தம் கூடுதலாக விழுகிறது, இணைப்பு கிளம்பும் இடத்தில் அது 60 ஆகிவிடுகிறது. இணைப்பின் மறுமுனையில் உள்ள பகுதி முன்பே முழுக்கத் திறந்து கிடப்பதால் ஈடுகட்ட வழியில்லை. அங்கே ரத்தம் குறைகிறது. தலைமடையில் எல்லா மதகையும் திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் என்னவோ நிறையத்தான் ஓடும், ஆனால் கடைமடைப் பயிர் காயும். அதே கதைதான். 1970-ல் ஜார்ஜ் ரோ எழுதிய கட்டுரையிலிருந்து இதைக் கரோனரித் திருட்டு, அதாவது இதயத் தமனிகளுக்குள் நடக்கும் ரத்தத் திருட்டு, என்று சொல்கிறார்கள்.

இணைப்புக் குழாய்களே இல்லாவிட்டாலும் இன்னொரு வகையில் இது நடக்கும். இதயச் சுவரின் வெளியடுக்கும் உள்ளடுக்கும் ஒரே மாதிரி ரத்தம் பெறுவதில்லை. இதயம் சுருங்கும்போது உள்ளடுக்கு நசுங்குகிறது, அங்கே ரத்தம் ஏறுவதே விரியும் நேரத்தில்தான். வேலையும் அதற்குத்தான் அதிகம். அதனால் அடைப்புக்குக் கீழே உள்ளடுக்கின் நுண்தமனிகள்தான் முதலில் முழுக்கத் திறந்துபோகும். வெளியடுக்கில் இன்னும் கொஞ்சம் இருப்பு மிச்சமிருக்கும். நுண்தமனிகளைத் திறக்கும் மருந்து கொடுத்தால் வெளியடுக்கு திறக்கிறது, அடைப்பின் வழியே ஓட்டம் கூடுகிறது. அடைப்பில் விழும் அழுத்தம் ஓட்டத்தோடு கூடும். அதுவும் நேர்விகிதத்தில் இல்லை, அதைவிட வேகமாக. கணக்குக்காகச் சொல்கிறேன்: பெருந்தமனியில் சராசரி அழுத்தம் 90, அடைப்பைத் தாண்டி 65, அதாவது 25 விழுகிறது. ஓட்டம் இரண்டு மடங்கானால் இந்த 25 குறைந்தது 50 ஆகும், குறுகிய இடத்தைத் தாண்டியதும் வரும் சுழல்களால் இன்னும் கூடும். மருந்தால் பெருந்தமனி அழுத்தமே 80-க்கு இறங்கினால் அடைப்புக்குக் கீழே மிஞ்சுவது 30-க்கும் கீழே. அந்த அழுத்தத்தில் உள்ளடுக்குக்குப் போதுமான ரத்தம் ஏறாது. அடைபட்ட அதே குழாயில் மொத்த ஓட்டம் கூடியிருந்தும், அதன் கீழே உள்ள உள்ளடுக்கு மூச்சுத்திணறுகிறது.

இந்தப் பாடத்தை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது டைபிரிடமோல் என்ற மருந்து. 1959-ல் ஆஞ்சைனாவுக்கான, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கான, மருந்தாக வந்தது. அடினோசின் உயிரணுக்களுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளப்படுவதை இது தடுக்கிறது. அதனால் வெளியே அடினோசின் சேர்ந்து நுண்தமனிகள் திறக்கின்றன. அளந்து பார்த்தால் இதயத்துக்குப் போகிற ரத்தம் பல மடங்கு கூடியிருக்கும். இதைவிட நல்ல ஆஞ்சைனா மருந்து இருக்க முடியுமா என்று தோன்றுவது இயல்பு. பல ஆண்டுகள் எழுதிக்கொடுத்தார்கள். நோயாளிகளின் நெஞ்சுவலி மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இதயத்திலிருந்து திரும்பும் சிரை ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். வழக்கமாக அது ஆக்சிஜன் வற்றிக் கறுத்திருக்கும். டைபிரிடமோலுக்குப் பிறகு சிவப்பாகத் திரும்பியது. அதாவது கூடுதலாகப் போன ரத்தத்தை யாரும் பயன்படுத்தவே இல்லை, போன வேகத்தில் திரும்பியிருக்கிறது.

1964-ல் ஃபாம், மெக்கிரகர் என்ற இருவர் நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாயின் இதயத்தில் ஒரு தமனியை மெல்ல மெல்ல அடைய விட்டு, இணைப்புக் குழாய்கள் வளர்ந்த பிறகு, அவற்றின் வழியே பின்னோக்கி வரும் ரத்தத்தை அளந்தார்கள். சார்பிட்ரேட்டின் குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரோகிளிசரின் கொடுத்தபோது அந்த ரத்தம் கூடியது. டைபிரிடமோல் கொடுத்தபோது கூடவில்லை. மொத்த ஓட்டத்தை வைத்து மருந்தை மதிப்பிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

மருந்தாகத் தோற்ற டைபிரிடமோலுக்கு வேறொரு வேலை கிடைத்தது. நல்ல குழாய்க்கும் அடைபட்ட குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிற மருந்தை, அடைப்பைக் கண்டுபிடிக்கும் கருவியாக ஏன் பயன்படுத்தக் கூடாது? அதே கோல்ட் 1978-ல் இதைச் செய்து காட்டினார். டைபிரிடமோலைக் கொடுத்துத் தாலியம் போன்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தினால், நல்ல பகுதி பளிச்சென்றும் அடைபட்ட பகுதி மங்கலாகவும் தெரியும். ஓட முடியாத நோயாளிகளுக்கு இது பெரிய வரம். இன்றைக்கு டைபிரிடமோலின் இடத்தில் பெரும்பாலும் அடினோசினையே நேரடியாகச் செலுத்துகிறார்கள், அல்லது ரெகடனோசான் என்ற புதிய மருந்தை ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்குப் போட்டது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனில் மங்கலாகத் தெரிகிற எல்லா இடத்திலும் திருட்டு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு அடைபட்ட பகுதியில் ரத்தம் குறையவில்லை, மற்ற இடங்களைப்போலக் கூடவில்லை, அவ்வளவுதான். படத்தில் தெரிவது ஒப்பீட்டு வித்தியாசம். ஓய்வில் இருந்ததைவிடவும் உண்மையிலேயே குறைவது, கடும் அடைப்பும் இணைப்புக் குழாய்களும் சேர்ந்திருப்பவர்களிடம் அதிகம். இன்னொரு குழப்பமும் உண்டு. அடினோசின் தானாகவே வலி நரம்புகளைத் தூண்டும். அடைப்பே இல்லாதவர்களுக்கும் நெஞ்சிலும் தொண்டையிலும் ஓர் அழுத்தம், முகம் சூடாவது, மூச்சு வாங்குவது வரும். அதனால் ஊசி போட்டபோது வலி வந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கூடவே இசிஜியில் மாற்றம் வந்ததா, படத்தில் எவ்வளவு பகுதி மங்கியது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனுக்கு முன் காபி, டீ குடிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்களே, அதற்கும் காரணம் இதுதான். கஃபீன் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டு வந்தால் மருந்து சரியாக வேலை செய்யாது, அடைப்பு இருந்தும் ஸ்கேன் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்துவிடலாம். மூச்சிரைப்புக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் டெரிஃபிலின் மாத்திரையும் இதே வகை. அதைச் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஊசிகளால் மூச்சுக்குழாய் இறுகலாம் என்பதால் அதையும் மறைக்கக் கூடாது. சோதனையில் வலி அதிகமானால் கொடுக்கிற மாற்று மருந்து அமினோஃபிலின், டெரிஃபிலினின் சொந்தக்காரர்தான். அடினோசினாக இருந்தால் அதுகூட அநேகமாகத் தேவைப்படாது. ரத்தத்தில் அதன் ஆயுள் சில விநாடிகள், சொட்டை நிறுத்தினாலே போதும்.

சரி, சார்பிட்ரேட்டுக்கு வருவோம். இதுவும் நைட்ரோகிளிசரினும் நைட்ரேட் என்ற ஒரே குடும்பம். லண்டனில் வில்லியம் மரல் 1879-ல் நைட்ரோகிளிசரினை ஆஞ்சைனாவுக்குப் பயன்படுத்தி எழுதினார். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக எல்லோரும் நினைத்தது, இது இதயக் குழாயை விரித்து வலியைப் போக்குகிறது என்று. 1972-ல் வில்லியம் கான்ஸும் ஹரால்ட் மார்கஸும் அதைச் சோதித்தார்கள். நோயாளிகளின் இதயத்தைச் செயற்கையாக வேகமாகத் துடிக்கவைத்து ஆஞ்சைனாவை வரவழைத்தார்கள். பிறகு நைட்ரோகிளிசரினை நேராக இதயத் தமனிக்குள்ளேயே செலுத்தினார்கள். இதய ரத்த ஓட்டம் கூடியது, வலி போகவில்லை. அதே மருந்தைக் கைச் சிரை வழியாக உடம்பு முழுக்கப் போகும்படி கொடுத்தபோது வலி போனது. அப்படியானால் வலியைப் போக்கும் வேலையில் பெரும்பகுதி இதயத் தமனிக்கு வெளியே நடக்கிறது.

நடப்பது இது. குறைந்த அளவு நைட்ரேட் முதலில் விரிப்பது உடம்பின் சிரைகளை. ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் கொஞ்சம் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. ஆஞ்சைனா நேரத்தில் இடது கீழறை விறைத்துப்போய் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். அது இறங்குகிறது. இந்த இறக்கம் உள்ளடுக்குக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை மீண்டும் ஒரு கணக்கில் பாருங்கள். அடைப்புக்குக் கீழே, இதயம் விரியும் நேரத்தில் அழுத்தம் 45. அறைக்குள் அழுத்தம் 25. உள்ளடுக்குக்கு ரத்தத்தைத் தள்ள மிஞ்சுவது 20. நைட்ரேட்டுக்குப் பிறகு முதல் எண் 42 ஆகக் கொஞ்சம் குறைகிறது, இரண்டாவது 12 ஆக இறங்குகிறது. மிஞ்சுவது 30. தமனியில் அழுத்தம் குறைந்தும் உள்ளடுக்குக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கிறது. கூடவே அறை சிறியதாவதால் சுவரின் இழுவிசை குறைந்து ஆக்சிஜன் தேவையும் குறைகிறது.

அப்புறம் நைட்ரேட் இதயத்துக்குள்ளும் விரிக்கத்தான் செய்கிறது, ஆனால் சரியான இடத்தில். அது பெரிய தமனிகளையும் இணைப்புக் குழாய்களையும் விரிக்கும், மிகச் சிறிய நுண்தமனிகளை அவ்வளவாகத் தொடாது. நைட்ரோகிளிசரின் அப்படியே வேலை செய்வதில்லை, குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் திறன் மிக நுண்ணிய குழாய்களில் குறைவு. இதனால் கட்டுப்பாட்டு மதகுகள் தசையின் கையிலேயே இருக்கின்றன, வழி மட்டும் அகலமாகிறது. திருட்டு நடக்க இடமில்லை. அடைப்பு உள்ள இடத்திலும் பெரும்பாலும் குழாயின் ஒரு பக்கம்தான் கொழுப்பு படிந்து கெட்டிப்பட்டிருக்கும், மறுபக்கத்தில் உயிருள்ள தசை இருக்கும். நைட்ரேட்டில் அந்தப் பக்கம் தளரும். 1 மில்லிமீட்டர் இருந்த வழி 1.1 ஆனாலே தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஏனென்றால் தடை என்பது விட்டத்தின் நான்காம் அடுக்கோடு மாறுகிறது. படத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்ன விரிவு நோயாளிக்குத் தெரியும்.

உடம்பு முழுக்க உள்ள நுண்தமனிகளைத் திடீரென்று திறக்கிற மருந்துகள்தான் அடைப்பு உள்ள இதயத்துக்கு ஆபத்து. ஹைட்ரலசின், மினாக்சிடில் இரண்டும் அப்படிப்பட்டவை. தனியாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுகிறது, உடம்பு பதறி இதயத் துடிப்பை ஏற்றுகிறது. துடிப்பு ஏறினால் தேவை கூடுவது மட்டுமில்லை, ரத்தம் ஏறும் நேரமும் குறைகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பில் ஒவ்வொரு துடிப்பிலும் விரியும் நேரம் ஏறக்குறைய 650 மில்லிவிநாடி. 120 துடிப்பில் அது 250 அளவுக்கு வந்துவிடும். உள்ளடுக்கு சாப்பிடும் நேரம் அதுதான்.

நிஃபெடிபைன் என்ற ரத்த அழுத்த மருந்தின் கதை இதில் மிக வேதனையானது. இதன் பழைய கேப்சூலைக் கடிக்கச் சொல்லியோ துளையிட்டு நாக்குக்கடியில் பிழியச் சொல்லியோ கொடுப்பது ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் வழக்கம். ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்து டாக்டரும் நோயாளியும் திருப்திப்பட்டார்கள். நெதர்லாந்தில் நடந்த ஹின்ட் என்ற ஆய்வு 1986-ல் வெளிவந்தது. நிலையற்ற ஆஞ்சைனாவோடு, அதாவது ஓய்விலும் வரும் அல்லது திடீரென்று மோசமாகும் வலியோடு, வந்தவர்களுக்கு இந்த வகை நிஃபெடிபைனைத் தனியாகக் கொடுத்தபோது மாரடைப்பு கூடும் போக்கு தெரிந்தது, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதே நிஃபெடிபைன் நன்மை செய்தது. துடிப்பு ஏறாமல் ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தால் அதே மருந்து வேறு மருந்தாகிவிடுகிறது. 1995-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, குறுகிய நேரம் வேலை செய்யும் நிஃபெடிபைனின் அளவு கூடக்கூட இறப்பும் கூடுவதாகக் காட்டியது. மெதுவாகக் கரையும் நிஃபெடிபைனை 7,665 நிலையான ஆஞ்சைனா நோயாளிகளிடம் சோதித்த ஆக்‌ஷன் ஆய்வு 2004-ல் வந்தது. அதில் இந்த ஆபத்து இல்லை. இறப்பைக் குறைக்கவில்லை, பைபாஸ் தேவைப்படுவதைக் குறைத்தது. மூலக்கூறு ஒன்றுதான், ரத்தத்தில் ஏறும் வேகம் மட்டுமே வேறு. இன்று நாம் சாப்பிடும், அதே குடும்பத்து ஆம்லோடிபைன் பல மணி நேரம் எடுத்து மெதுவாக ஏறி, ஒரு நாளுக்கு மேலும் நிற்கிறது. அதன் வெற்றிக்கு அந்த நிதானமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

பீட்டா பிளாக்கரைச் சொன்னதால் ஒரு வார்த்தை. அது ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தே இல்லை. மொத்த இதய ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். இருந்தும் ஆஞ்சைனாவில் அடைபட்ட பகுதியின் உள்ளடுக்குக்கு ரத்தத்தைக் கூட்டித் தருகிறது. நல்ல பகுதியின் தேவை குறைவதால் அங்கே நுண்தமனிகள் கொஞ்சம் மூடிக்கொள்கின்றன, அழுத்தம் மிஞ்சுகிறது, விரியும் நேரமும் நீள்கிறது. திருட்டுக்கு நேர் எதிரான காரியம்.

இவ்வளவும் கொழுப்பு படிந்த நிலையான அடைப்பைப் பற்றியது. 1959-ல் பிரின்ஸ்மெட்டல் விவரித்த வகையில் பெரிய தமனியே திடீரென்று இறுகிக்கொள்ளும், பெரும்பாலும் ஓய்வில், அதிகாலையில். அங்கே அடைப்பே தசையின் இறுக்கம் என்பதால் நிஃபெடிபைன் வகைக் கால்சியம் தடுப்பு மருந்துகளும் நைட்ரேட்டும் நேரடி மருந்து. கொழுப்பு படிந்த தமனிக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு. அசிட்டைல்கோலின் என்ற பொருள் நல்ல தமனியை விரிக்கும், உள்படலம் கெட்டுப்போன தமனியைச் சுருக்கும் என்று 1986-ல் மனிதர்களிடமே காட்டினார்கள். விரிக்க வேண்டிய மருந்து சுருக்குகிறதென்றால் உள்படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள். அந்தப் பொருளை நைட்ரேட் வெளியிலிருந்து கொண்டுவந்து தருகிறது.

இனி உங்கள் அப்பாவின் விஷயம். ஸ்கேன் அறிக்கையில் எந்தச் சுவர், எவ்வளவு பரப்பு மங்கியது, ஓய்வுப் படத்தில் அது சரியானதா என்று கேளுங்கள். ஓய்வில் சரியாகிறதென்றால் தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம்தான் போதவில்லை. அடுத்து ஆஞ்சியோகிராம் செய்து, நடுத்தரமான அடைப்பு தெரிந்தால், ஸ்டென்ட் வேண்டுமா என்று முடிவு செய்ய அதே அடினோசின் மறுபடி உதவும். மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, மருந்தால் நுண்தமனிகளை முழுக்கத் திறந்துவிட்டு, அடைப்புக்குக் கீழே உள்ள அழுத்தத்தை மேலே உள்ளதோடு ஒப்பிடுவார்கள். விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த அடைப்பு உண்மையிலேயே பாதிக்கிறது. 2009-ல் வெளிவந்த ஃபேம் ஆய்வில் 1,005 நோயாளிகளைப் பார்த்தார்கள். படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு, மறுபடி சிகிச்சை என்று ஏதாவது ஒன்று வந்தவர்கள் 18.3 சதவீதம், இப்படி அளந்து வைத்தவர்களில் 13.2 சதவீதம். ஸ்டென்டுகளும் குறைவாகவே தேவைப்பட்டன. எல்லா மருத்துவமனையிலும் செய்வதில்லை, ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சார்பிட்ரேட்டை உட்கார்ந்துகொண்டு வைக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு வைத்தால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் போட்டு விழலாம். விழுங்கவோ தண்ணீர் குடிக்கவோ வேண்டாம், நாக்குக்கடியிலேயே கரையட்டும். தலைவலி வரும், அது மருந்து வேலை செய்வதன் அடையாளம்தான். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லை என்றால், அல்லது வியர்த்துக் கொட்டினால், 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். அடுத்தடுத்து மாத்திரை வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம். ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைவாக இருந்தாலோ, வலது கீழறையைப் பாதிக்கும் மாரடைப்பாக இருந்தாலோ நைட்ரேட் கெடுதல் செய்யும். "நெஞ்சு வலித்தால் யாராக இருந்தாலும் ஒரு சார்பிட்ரேட் வை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். டாக்டர் எழுதிக்கொடுத்தவருக்கு மட்டும்தான் அது.

தினமும் சாப்பிடுகிற நைட்ரேட் மாத்திரை இருந்தால் டாக்டர் எழுதிய நேரத்தை மாற்றாதீர்கள். இரவில் மருந்தில்லாத பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டுமென்றே விடப்படுகிறது, இல்லாவிட்டால் குழாய்கள் மருந்துக்குப் பழகிப்போய் மசியாது. டைனமைட் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இதை முன்பே கண்டார்கள். வார நடுவில் நைட்ரோகிளிசரின் காற்றில் பழகிவிட்டு, விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போய், திங்கட்கிழமை திரும்பி வந்ததும் தலைவலியில் துடித்தார்கள். விடுமுறை நாள்களில், மருந்து திடீரென்று நின்றதால், சிலருக்கு நெஞ்சுவலியே வந்தது. அதனால் ஒரேயடியாக நிறுத்துவதும் கூடாது. இன்னொன்று, ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், டாடலாஃபில் மாத்திரைகளை நைட்ரேட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு விழும். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தொடக் கூடாது. அப்பாவிடம் மகனோ மகளோ கேட்கத் தயங்குகிற விஷயம் இது. டாக்டரிடம் தனியாகச் சொல்லி அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.